சென்ட்ஓஎஸ் 6-ல் ‘மேன்’ மக்கர் பண்ணினால்: சரிசெய்வதா, மாற்றுவதா?

2020 நவம்பர் 30-ஓடு சென்ட்ஓஎஸ் 6 என்ற லினக்ஸுக்கு அப்டேட் நின்றுவிட்டது; அதில் ஓடும் சர்வர்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே மேன் பக்கம் (கட்டளைகளைப் பற்றி மெஷினிலேயே இருக்கும் கையேடு) வரவில்லை என்றால், பலர் கூகுளில் தேடிக் கிடைத்ததைப் படிக்கிறார்கள். இதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை. கிடைப்பது பெரும்பாலும் புதிய பதிப்பின் பக்கம். உதாரணமாக, கோப்புகளைத் தொகுக்கும் டார் கட்டளையின் பழைய பதிப்பில் இல்லாத ஆப்ஷனை ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) அடித்துப் பார்ப்பது ஆபத்து. மெஷினிலேயே இருக்கும் பக்கத்தைத்தான் நம்பலாம். அதைப் படிக்க மூன்று வழிகள்.

முதல் வழி, இருக்கிற மேன் 1.6 நிரலைச் சரிசெய்வது. அது சொந்தமாக எதையும் வடிவமைப்பதில்லை. சுருக்கிய கோப்பை விரித்து, அட்டவணைக்கு டிபிஎல், வடிவமைக்க என்ராஃப் (இரண்டும் குரோஃப் தொகுப்பைச் சேர்ந்தவை), கடைசியில் திரையில் காட்ட லெஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பைப்பில் தள்ளிவிடும். எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. ‘மேன் -டபிள்யூ டார்’ என்று அடியுங்கள். கோப்பின் பாதையே வரவில்லையா? பேக்கேஜ்களை நிறுவும் யம்மின் கான்ஃபிக் கோப்பில் ‘நோடாக்ஸ்’ (ஆவணங்களை நிறுவாதே என்ற அமைப்பு) இருக்கிறதா பாருங்கள். கன்டெய்னர் இமேஜ்களில் இது சகஜம். அதை எடுத்துவிட்டுப் பேக்கேஜை ரீஇன்ஸ்டால் செய்ய வேண்டும். பாதை வருகிறது, ஆனால் தலைப்பைச் சுற்றி ‘ஈஎஸ்சி[1எம்’ என்று குப்பை தெரிகிறதென்றால், கோளாறு லெஸ்ஸில். மேன் கான்ஃபிக் கோப்பின் பேஜர் வரியில் பெரிய ‘ஆர்’ ஆப்ஷனைச் சேர்த்தால் போய்விடும். கோடு வரவேண்டிய இடத்தில் விசித்திர எழுத்துகள் வந்தால், மொழியைக் குறிக்கும் ‘லாங்’ என்ற சூழல் மாறியும் டெர்மினலின் என்கோடிங்கும் ஒத்துப்போகவில்லை. மேன் பக்கங்களைச் சொல் கொடுத்துத் தேடும்போது மட்டும் ‘நத்திங் அப்ரோப்ரியேட்’ (பொருத்தமானது எதுவுமில்லை) என்றால், தேடல் பட்டியலை உருவாக்கும் மேக்வாட்இஸ் கட்டளையை ரூட்டாக ஓட்டினால் போதும்.

இரண்டாவது, மேன்-டிபி என்ற வேறொரு மேன் நிரல். சென்ட்ஓஎஸ்ஸுக்கு மூலமான ரெட்ஹாட்டே 7-ம் பதிப்பில் இதற்கு மாறியது. பல மொழிப் பக்கங்களை நன்றாகவே கையாளும். ஆனால் 6-ல் சோர்ஸிலிருந்து கட்ட லிப்பைப்லைன் முதலான லைப்ரரிகளைத் தேடி அலைய வேண்டும். அதன் பிறகும் வடிவமைப்பது குரோஃப்தான். குரோஃப் கெட்டிருந்தால் பட்ட பாடு வீண். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, குரோஃப் உடைந்த மெஷினுக்கு என் தேர்வு: மேன்டாக். ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் வழி வந்தது. குரோஃப் இல்லாமல் தானே வடிவமைக்கும். சி கம்பைலரும் ஜீலிப் என்ற லைப்ரரியும் இருந்தால் கட்டிவிடலாம், ஜிஜிப்பால் சுருக்கிய பக்கங்களையும் நேராகத் திறக்கும். குரோஃபின் உள்மேக்ரோக்களை அள்ளித் தெளித்து எழுதிய சில பக்கங்கள் மட்டும் கோணலாக வரும்.

ஒரு எச்சரிக்கை: மேன்டாக்கும் மேன், மேக்வாட்இஸ் என்ற அதே பெயர்களில்தான் கட்டளைகளை நிறுவும், ஆனால் அதன் தரவுக் கோப்பு வேறு. பழைய மேனை நீக்காமல், மேன்டாக்கை யூஎஸ்ஆர் லோக்கல் கோப்புறையில் வையுங்கள். கட்டும் முன்பே கான்ஃபிகர் லோக்கல் கோப்பில் வேறு பெயர் கொடுத்துவிட்டால், எது ஓடுகிறது என்ற குழப்பம் வராது.