சேலத்தில் யாராவது "கேமரா சென்சார் போச்சு" என்றால், பணம் கொடுக்குமுன் இதைப் படியுங்கள்

அம்மாப்பேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டில் வெண்பட்டு வேட்டிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கேமராவின் பின்திரையை எட்டிப் பார்த்த அந்த அண்ணன், "தம்பி, வேட்டியில ரோஸ் அடிக்குதே" என்றார். உண்மைதான். ஜன்னல் வெளிச்சம், நான் எப்போதும் எடுக்கிற அதே மூலை, ஆனால் வேட்டி தாமரை இதழின் உட்புறம் மாதிரி இருந்தது. வெளிச்சத்துக்கு ஏற்றபடி வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பான ஒயிட் பேலன்ஸை டேலைட், கிளவுடி, ஆட்டோ என்று மாற்றிப் பார்த்தேன். ரோஸ் போகவே இல்லை.

வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் இது. வெளியூர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுகிறார்கள். வெள்ளை வெள்ளையாக வரவில்லை என்றால் எனக்கு அங்கே வேலையே இல்லை. அந்தப் பதற்றத்தில், அன்று மாலையே ஊருக்குள் இருக்கும் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

கடைக்காரர் இரண்டு படம் எடுத்துப் பார்த்தார். "சென்சார் வீக் ஆயிடுச்சு சார். கலர் பிடிக்க மாட்டேங்குது. போர்டு மாத்தணும், 7,200 ஆகும்" என்றார். சென்சார் என்பது லென்ஸ் வழியாக வரும் ஒளியைப் படமாக்கும் சில்லு. அது இருக்கும் போர்டைத்தான் சொன்னார். 3,000 முன்பணம் கொடுத்தேன். ஒன்பது நாள் அலைய விட்டார். நடுவில் ஒரு கல்யாண வேலைக்கு வாடகைக்குக் கேமரா எடுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் கேமரா கைக்கு வந்தது. படம் எடுத்தால் வெள்ளை பளிச்சென்று வந்தது. மீதியைக் கட்டிவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் உறுத்தியது. என் கேமரா கேனான் 80டி. சென்சார் பதிந்த மூலத் தகவலான ராவும், கேமராவே நிறம் சேர்த்து முடித்த படமான ஜேபெக்கும் சேர்ந்து பதிவாகும்படி வைத்திருப்பேன். இப்போது வெறும் ஜேபெக் மட்டும் வந்தது. நியூட்ரலில் இருந்த பிக்சர் ஸ்டைல் என்ற நிறத் தோற்ற அமைப்பு ஆட்டோவுக்குப் போயிருந்தது. மெனுவில் 'கிளியர் ஆல் கேமரா செட்டிங்ஸ்' கொடுத்து எல்லா செட்டிங்கையும் ஆரம்ப நிலைக்குத் திருப்பினால் இப்படித்தான் ஆகும்.

சரி, இதற்கு முன் எடுத்த படங்கள் என்ன சொல்கின்றன என்று கார்டைப் புரட்டினேன். அம்மாப்பேட்டைக்கு முந்தைய வாரம் குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். பகலில் ஏரிக்கரையில் எடுத்தவற்றில் நிறம் சரியாக இருந்தது. சாயங்காலம் காரில் அக்கா பையன் கேமராவை மடியில் வைத்து மெனுவை நோண்டிக்கொண்டு வந்தான். இரவு லேடீஸ் சீட்டில் நின்று, கீழே தெரியும் சேலத்து விளக்குகளை 30 விநாடி எக்ஸ்போஷரில், அதாவது அவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விட்டு, எடுத்தேன். மஞ்சள் விளக்குக் கூட்டத்தில் நிறம் மாறியது கண்ணுக்குத் தெரியவில்லை. எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் அந்தப் படத்தின் தகவலைத் திறந்தேன். ஒயிட் பேலன்ஸ் ஷிஃப்ட், அதாவது நிற நகர்த்தல், ஆம்பர் (தேன் மஞ்சள்) பக்கம் 3, மெஜந்தா (ஊதா கலந்த ரோஸ்) பக்கம் 7 என்று இருந்தது. ஏரிக்கரைப் படங்களில் இரண்டும் பூஜ்யம்.

விஷயம் இவ்வளவுதான். கேனான் மெனுவில் ஒரு சதுரக் கட்டம் வரும். நடுவில் ஒரு புள்ளி. அதை நீலம், ஆம்பர், பச்சை, மெஜந்தா என நாலு பக்கமும் ஒன்பது படி வரை நகர்த்தலாம். நீங்கள் டேலைட் வைத்தாலும் ஆட்டோ வைத்தாலும் இந்த நகர்த்தல் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கேமராவை அணைத்துப் போட்டாலும் போகாது. ஜேபெக்கில் நிறம் அப்படியே பதிந்துவிடும். ராவில் அது வெறும் குறிப்புதான். கேனானின் டிபிபி மென்பொருளில் திருத்திக்கொள்ளலாம். அந்த ரோஸ் வேட்டிப் படங்களை நான் ஐந்து நிமிடத்தில் வெள்ளையாக்கினேன்.

ஒருவேளை போர்டையும் உண்மையிலேயே மாற்றியிருந்தால்? அதைச் சோதிக்கவும் வழி இருந்தது. லேடீஸ் சீட் படத்தில், மலைச்சரிவின் கருப்பில், ஒற்றைச் சிவப்புப் புள்ளி ஒன்று உண்டு. நீண்ட எக்ஸ்போஷரில் சில பிக்சல்கள் இப்படி எரியும். ஹாட் பிக்சல் என்பார்கள். எந்த இடத்தில் எரியும் என்பது சென்சாருக்குச் சென்சார் வேறுபடும். லென்ஸை மூடியால் மூடி, அதே ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறன் அளவு) 30 விநாடி எடுத்தேன். 6000க்கு 4000 பிக்சல் படத்தில், சிவப்புப் புள்ளி இடமிருந்து 4112, மேலிருந்து 1287. ஏற்காட்டுப் படத்திலும் அதே எண்கள்தான். அதாவது உள்ளே இருப்பது அதே பழைய சென்சார். பார்த்ததும் வயிறு எரிந்தது. 7,200 ரூபாய் போனதைவிட, முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னதுதான் அதிகம் வலித்தது.

கடைக்குப் போய்ப் பழைய போர்டைக் கேட்டேன். "அதெல்லாம் கம்பெனிக்குத் திரும்பிப் போயிடும் சார்" என்றார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் குரல் உயர்ந்தது. ரசீதில் உதிரிபாக எண் இல்லை. 'சென்சார் சர்வீஸ்' என்று மட்டும் கையால் எழுதியிருக்கிறார். மறுநாள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை.

உங்கள் கேமராவிலும் படம் முழுக்க ஒரே சாயம் ஏறி வந்தால், கேனான் என்றால் முதலில் மோட் டயலைப் பச்சை ஏ பிளஸ்ஸுக்குத் திருப்பி ஒரு படம் எடுங்கள். அந்த முழு ஆட்டோவில் ஷிஃப்ட் வேலை செய்யாது. நிறம் சரியாக வந்தால் கோளாறு செட்டிங்கில்தான். திரையில் ஒயிட் பேலன்ஸைக் குறிக்கும் டபிள்யூபி எழுத்துக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி தெரிகிறதா என்றும் பாருங்கள். நிக்கானில் அந்த இடத்தில் நட்சத்திரக் குறி வரும். உண்மையிலேயே சென்சார் கெட்டால் பெரும்பாலும் கோடு விழும், பட்டை பட்டையாக வரும். இப்படிச் சீராக ஒரே நிறம் ஏறுவது அரிது.

கடையில் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், கொடுப்பதற்கு முன்னால் மூடி போட்டு ஒரு 30 விநாடிப் படம் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாகம் திரும்பி வர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சேலத்தில் சமீபத்தில் சென்சார் மாற்றியதாகப் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால், பழைய இரவுப் படம் ஒன்றைத் தேடி எடுத்துப் புள்ளிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் எனக்கு எழுதுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்கிறேன்.