பருப்புக்கீரையா, குப்பைக்கீரையா?

களையெடுக்கும்போது நான் பிடுங்காமல் விடுபவை இரண்டு. சிவந்த தண்டும் சதைப்பற்றான சின்ன இலையுமாகத் தரையோடு படரும் பருப்புக்கீரை (போர்ட்டுலாக்கா ஒலரேசியா), நிமிர்ந்து வளரும் குப்பைக்கீரை. ஒன்றுக்குத்தான் இடம் என்றால் என் ஓட்டு பருப்புக்கீரைக்கு.

சத்து அட்டவணையில் அது தோற்கிறது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். 100 கிராம் பச்சை இலையில் குப்பைக்கீரை இனத்துக்குச் சுமார் 215 மி.கி. கால்சியம், 43 மி.கி. வைட்டமின் சி. பருப்புக்கீரைக்கு 65, 21. இரும்புச்சத்து இரண்டிலும் சுமார் 2 மி.கி.தான். மண்ணைப் பொறுத்து இவையெல்லாம் ஏறி இறங்கும்.

ஆனால் அட்டவணை பச்சை இலைக்கு. ஆக்சலேட்டும் (கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகக் கல்லாகக் கூடிய பொருள்) நைட்ரேட்டும் இருப்பதால் குப்பைக்கீரையை வேகவைத்து நீரை வடிப்பதே நல்லது. வைட்டமின் சி-யில் ஒரு பகுதி சூட்டில் அழியும், மிச்சத்தில் ஒரு பங்கு அந்த நீரோடு போகும். கால்சியத்திலும் ஒரு பகுதியை ஆக்சலேட் பிடித்துக்கொள்வதால் 215-ம் உடம்பில் சேராது.

பருப்புக்கீரையின் பலமோ கொழுப்பில் கரைவது. 100 கிராமில் 300 முதல் 400 மி.கி. வரை ஒமேகா-3 வகை ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். இலைக்கறிகளில் இவ்வளவு இருப்பது அபூர்வம். கூடவே 12 மி.கி. அளவுக்கு வைட்டமின் ஈ. கொதிக்கவைத்து வடித்தாலும் இவை நீரோடு ஓடாது. அதன் பலவீனமான ஆக்சலேட்தான் நீரில் கரைந்து வெளியேறும். வடிக்கும்போது இரண்டுமே ஆக்சலேட்டை இழக்கின்றன, ஆனால் குப்பைக்கீரை தன் வைட்டமின் சி பலத்தையும் சேர்த்து இழக்கிறது, பருப்புக்கீரையின் பலம் அப்படியே நிற்கிறது. எனக்கு இது போதும். (குப்பைக்கீரையின் பீட்டா கரோட்டினும் வைட்டமின் கே-யும் நீரில் போகாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

பருப்புக்கீரையைக் கொஞ்சமாகப் பச்சையாகத் தின்பதென்றால் தயிரில் கலந்துகொள்ளுங்கள். தயிரின் கால்சியம் ஆக்சலேட்டைக் கட்டிப்போடும். விடியலில் பறித்தால் நன்றாகப் புளிக்கும். நீர் குறைந்தால் இந்தச் செடி இரவில் புளிப்பான மாலிக் அமிலத்தைச் சேர்த்து, பகலில் செலவழிக்கும். புளிப்பு பிடிக்காதவர்கள் மாலையில் பறிக்கலாம்.

‘ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண்’ பார்த்து மயங்க வேண்டாம். அது சோதனைக்குழாய்க் கணக்கு. அமெரிக்க வேளாண்துறையே அத்தகைய பட்டியலை 2012-ல் எடுத்துவிட்டது.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டையுமே தொட வேண்டாம். அப்புறம், பருப்புக்கீரை போலவே படரும் அம்மான் பச்சரிசி வகைகள் உண்டு. தண்டைக் கிள்ளிப் பாருங்கள். பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை.