மருத்துவத்தின் விலையை யார் எழுதுவது?

ஜப்பானில் ஒருவர் எந்த மருத்துவமனையில் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தாலும், அதன் கட்டணம் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே பட்டியலின்படிதான் கணக்கிடப்படும். அமெரிக்காவில் ஒரே மருத்துவமனையில், ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில் எடுக்கப்படும் அதே ஸ்கேனுக்கு, நோயாளியிடம் எந்த நிறுவனத்தின் காப்பீட்டு அட்டை இருக்கிறது என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது. காப்பீட்டு நிறுவனங்களோடு பேசி முடித்த விலைகளை மருத்துவமனைகள் வெளியிட வேண்டும் என்ற விதி 2021இல் அங்கு நடைமுறைக்கு வந்த பின்னரே, இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

மருத்துவக் காப்பீடு பற்றிய வாதங்கள் பெரும்பாலும் ‘அரசா, தனியாரா’ என்ற ஒற்றைக் கேள்வியில் சிக்கிக்கொள்கின்றன. பணத்தை எந்தப் பெட்டியில் திரட்டுகிறோம் என்பது முக்கியம்தான். ஆயினும் கட்டணத்தை யார் தீர்மானிக்கிறார்கள், படுக்கையில் கிடப்பவரிடம் எவ்வளவு கேட்கப்படுகிறது என்ற இரண்டும் அதைவிட முக்கியம் என்பது என் கருத்து. நடைமுறையில் உள்ள வழிகளை அந்த அளவுகோலால்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

மருத்துவம் மற்றப் பொருள்களைப் போல் சந்தையில் விலை பேசி வாங்கக்கூடியதல்ல என்பதைப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963இல் எழுதிய கட்டுரையில் தெளிவாக விளக்கினார். நோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த பிறகு எது தேவை என்பதை வாங்குபவரைவிட விற்பவரே நன்கு அறிவார். காப்பீட்டுக்கோ இன்னொரு சிக்கலும் உண்டு. சேர்வது அவரவர் விருப்பம் என்று விட்டால், உடல்நலம் குன்றியவர்கள் முந்திக்கொண்டு சேர்வார்கள், பிரீமியம் ஏறும், ஏறிய பிரீமியத்தைக் கண்டு நலமாக இருப்பவர்கள் விலகுவார்கள், அதனால் பிரீமியம் மேலும் ஏறும். ஆகவே, எல்லோருக்கும் காப்பீடு கிடைத்த நாடுகளில் ஏதோ ஒரு வடிவில் கட்டாயம் இருப்பது தற்செயலானதன்று.

முதல் வழி வரிப்பணம். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. மருத்துவரைப் பார்க்கவோ, அறுவை சிகிச்சை செய்துகொள்ளவோ நோயாளி பணம் கட்டுவதில்லை. பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவு செய்தபோது, அந்தச் சேவையை உருவாக்கிய அமைச்சர் அனூரின் பெவன் 1951இல் பதவி விலகினார் என்பதிலிருந்தே, ‘சிகிச்சையின்போது கட்டணமில்லை’ என்ற கொள்கையை அவர் எவ்வளவு உயர்வாக மதித்தார் என்பது விளங்கும். இந்த வழியில் செலவு கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் கருவூலம் கைப்பிடியை இறுக்கும்போது அந்தச் சுமை காத்திருப்பாக மாறுகிறது: திட்டமிட்ட சிகிச்சைக்கான 18 வாரக் காலவரம்பை இங்கிலாந்தில் 2016க்குப் பிறகு எட்ட முடியவில்லை. மூட்டு தேய்ந்து மாடிப்படி ஏற முடியாதவருக்கு, ரசீது இல்லாத அந்தக் காத்திருப்பும் ஒரு விலைதான்.

இரண்டாவது வழி, 1883இல் பிஸ்மார்க் காலத்து ஜெர்மனியில் தொடங்கிய சமூகக் காப்பீடு. தொழிலாளியும் முதலாளியும் ஊதியத்தின் ஒரு பகுதியைப் பகிர்ந்து செலுத்த, லாப நோக்கமற்ற காப்பீட்டு நிதியங்கள் அதைத் திரட்டி, மருத்துவர் சங்கங்களோடும் மருத்துவமனைகளோடும் கூட்டாகக் கட்டணம் பேசுகின்றன. நிதியங்கள் பல இருந்தாலும், நோயாளிகளைப் பொறுக்கி எடுத்து லாபம் பார்க்க அவற்றுக்கு வழியில்லை. முதியவர்களையும் நாள்பட்ட நோயாளிகளையும் அதிகம் கொண்ட நிதியத்துக்கு மற்றவற்றிலிருந்து ஈடு செல்கிறது. நோயாளி கையிலிருந்து கட்டும் தொகைக்கும் வரம்பு உண்டு: குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 2 விழுக்காடு, நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு 1 விழுக்காடு.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜப்பான், 1961இல் அனைவரையும் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. மருத்துவமனைகளில் பெரும்பாலானவை அங்கே தனியாருடையவை. ஆனால் கட்டணப் பட்டியலை அரசு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி எழுதுகிறது. பெரும்பாலானோர் கட்டணத்தில் 30 விழுக்காட்டைத் தாமே செலுத்துகிறார்கள். அது கடுமையாகத் தோன்றினாலும், பட்டியலின் விலை குறைவு என்பதாலும், மாதச் செலவுக்கு வருமானத்தை ஒட்டிய உச்சவரம்பு இருப்பதாலும் தாங்க முடிகிறது. குறை இல்லாமல் இல்லை: ஒவ்வொரு வருகைக்கும் கிடைக்கும் தொகை குறைவாக இருப்பதால் மருத்துவர்கள் நிறையப் பேரைப் பார்க்கிறார்கள், ‘மூன்று மணி நேரக் காத்திருப்பு, மூன்று நிமிட வைத்தியம்’ என்று ஜப்பானியர்களே சொல்லிக் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

கனடாவின் வழி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: மருத்துவர் தனித் தொழில் நடத்துவார், பில்லை மாகாண அரசு ஒன்றே கட்டும். 1962இல் சஸ்காட்செவன் மாகாணம் இதைத் தொடங்கியபோது மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்று அந்த ஏற்பாடு நாட்டின் அடையாளமாகவே கருதப்படுகிறது. எனினும் மருத்துவமனைக்கு வெளியே வாங்கும் மருந்துகளைப் பெருமளவுக்கு அந்த ஏற்பாட்டில் சேர்க்காமல் விட்டது பெரிய ஓட்டை. தைவான் 1995இல் ஒரே காப்பீட்டைத் தொடங்கியபோது மருந்தையும் பல் சிகிச்சையையும் உள்ளே சேர்த்துக்கொண்டது.

தனியார் காப்பீடு என்றதும் எல்லோரும் அமெரிக்காவைக் காட்டுவார்கள். ஆனால் சுவிட்சர்லாந்தும் தனியார் காப்பீட்டைத்தான் நம்பியிருக்கிறது. 1996 முதல் நடப்பில் உள்ள அந்நாட்டுச் சட்டப்படி எல்லோரும் அடிப்படைக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். நிறுவனங்கள் யாரையும் மறுக்கக் கூடாது. அடிப்படைக் காப்பீட்டில் லாபமும் பார்க்கக் கூடாது. பிரீமியம் கனமாக அழுத்துகிறது என்ற முறையீடு அங்கே உண்டு, ஆனால் காப்பீடே இல்லாமல் தெருவில் நிற்பவர் அரிது. அமெரிக்காவில் பழைய நோயைக் காட்டிக் காப்பீட்டை மறுப்பது 2014இல்தான் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. பிரீமியத்தில் 80 அல்லது 85 விழுக்காட்டையாவது மருத்துவத்துக்குச் செலவிட வேண்டும் என்ற நல்ல விதியும் அதே சட்டத்தில் வந்தது. ஆனால் மீதியும் விழுக்காட்டுக் கணக்கே என்பதால், மொத்தச் செலவு ஏறினால் நிறுவனத்தின் பங்கும் ஏறும். மருத்துவ விலையை அடித்துப் பேசிக் குறைக்க அதற்கு என்ன ஆர்வம் இருக்கும்? 2022இல் அந்நாட்டு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 17 விழுக்காடு மருத்துவத்துக்குப் போனது.

அந்த ஏற்பாடு நோயாளியை எங்கே கொண்டு நிறுத்தியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ஒருவர் தன் காப்பீடு ஏற்கும் மருத்துவமனையைத் தேடிப் பிடித்து, அங்கேயே அறுவை சிகிச்சைக்குப் படுக்கிறார். மயக்க மருந்து கொடுத்த மருத்துவர் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாதவர் என்பது, வீடு திரும்பிய பின் தனி பில் தபாலில் வரும்போதுதான் தெரிகிறது. இத்தகைய பில்களில் பெரும்பாலானவற்றைத் தடைசெய்யும் சட்டம் 2022இல்தான் நடைமுறைக்கு வந்தது.

நோயாளியின் பங்கைக் கூட்டினால் வீண்செலவு குறையும் என்பது இந்த விவாதத்தில் தவறாமல் எழும் வாதம். இதைச் சோதிக்க 1970களில் அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் பெரிய ஆய்வை நடத்தியது. குலுக்கல் முறையில் சில குடும்பங்களுக்கு முழு இலவசமும், மற்றவற்றுக்கு வெவ்வேறு அளவில் செலவுப் பங்கும் தரப்பட்டன. மிக அதிகப் பங்கு கட்டியவர்களின் மருத்துவச் செலவு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது உண்மை. ஆனால் அவர்கள் தேவையற்ற சிகிச்சையைக் குறைத்த அளவுக்குத் தேவையானதையும் குறைத்தார்கள்; இரத்த அழுத்தம் இருந்த ஏழைகள் பாதிக்கப்பட்டார்கள். அதோடு, சேமிப்பு வந்தது மருத்துவரிடம் போகாமல் இருந்ததனால். போன பிறகு சிகிச்சையின் செலவு பெரிதாக மாறவில்லை. வாசலைத் தாண்டியபின் கணக்கை மருத்துவமனை எழுதுகிறது, நோயாளி எழுதுவதில்லை.

என்னிடம் கேட்டால், ஜெர்மனியும் ஜப்பானும் காட்டிய வழியையே முதலில் வைப்பேன். மருத்துவமனை யாருடையதாக இருந்தாலும் விலைப்பட்டியல் பொதுவானதாக இருக்க வேண்டும், நோயாளியின் பங்கு சிறியதாகவும் வருமானத்தோடு கட்டப்பட்டதாகவும் இருக்க வேண்டும். மூன்று நிமிட வைத்தியம் என்ற குறையைப் பட்டியலில் ஆலோசனை நேரத்துக்கான கட்டணத்தை உயர்த்தித் திருத்தலாம். விலை ஓரிடத்தில் வெளிப்படையாக எழுதப்படும் நாட்டில் அதை அடுத்த திருத்தத்திலேயே செய்துவிட முடியும். ஆயிரம் ரகசிய ஒப்பந்தங்களுக்குள் விலை சிதறிக் கிடக்கும் நாட்டில், எதைத் திருத்துவது என்று தேடுவதற்கே ஆண்டுகள் போய்விடும்.