"விண்டோஸ் திறக்குதே, ரேம் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

முதல்முறை கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் பலர் இதில் சிக்குகிறார்கள். பழுதான புது ரேமைக் கடைக்குக் கொண்டுபோனால், கவுன்ட்டரில் இருப்பவர் ஒரு மதர்போர்டில் செருகுவார். விண்டோஸ் திறந்ததும் "நல்லாத்தானே இருக்கு, விண்டோஸை மறுபடி போட்டுப் பாருங்க" என்று அதே ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுப்பார். வீட்டில் மறுபடி ப்ளூ ஸ்கிரீன் (விண்டோஸ் திடீரென நின்று பிழை காட்டும் திரை). இப்படி இரண்டு நடை நடப்பதற்குள் ரிட்டர்ன் கெடு முடிந்துவிடும்.

16 ஜிபி ஸ்டிக்கில் ஒரே ஒரு செல் (ஒரு பிட்டைச் சேமிக்கும் இடம்) கெட்டிருந்தாலும் விண்டோஸ் திறக்கும். அந்த இடத்தில் ஏதாவது எழுதிப் படிக்கும்போதுதான் வினை. அதுவும் ரேம் கோளாறு போலவே தெரியாது. பெரிய ஜிப் கோப்பைப் பிரித்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று காட்டும் சிஆர்சி பிழை வரும், விண்டோஸ் நிறுவல் பாதியில் நிற்கும், ஒவ்வொரு தடவையும் வேறு பெயரில் ப்ளூ ஸ்கிரீன் வரும். இவற்றைவிட மோசம், சேமித்த கோப்புகள் சத்தமில்லாமல் கெடுவது. சந்தேகம் வந்ததுமே அந்த மெஷினில் போட்டோ, ஆவணங்களை நகலெடுப்பதை நிறுத்திவிடுங்கள்.

கடைக்குப் போகுமுன் கையில் ஆதாரம் வேண்டும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருள் இலவசம்தான், பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே பூட் செய்யுங்கள். விண்டோஸோடு வரும் மெமரி சோதனை பல பழுதுகளைக் கோட்டைவிடும், அதை நம்ப வேண்டாம். முதலில் பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் போர்டின் அமைப்புத் திரை), ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணையுங்கள். அது ஓவர்கிளாக் (வழக்கமான வேகத்தை மீறி ஓட்டுவது), அதில் வரும் பிழைக்குப் பிராசசரோ போர்டோகூடக் காரணமாகலாம், கடைக்காரரும் அதைச் சொல்லியே கைகழுவுவார்.

பவர் சப்ளையின் ஸ்விட்சை அணைத்து, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திய பிறகு ரேமைக் கழற்றுங்கள். ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும், போர்டின் கையேடு சொல்லும் ஸ்லாட்டில் செருகுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் அது பிராசசரிலிருந்து இரண்டாவது. பல போர்டுகளில் ஒரு பக்கம்தான் கிளிப் அசையும். அசையாத முனை முழுக்க இறங்காமல் நிற்பதுண்டு. அந்த முனையில் தங்க நிறப் பற்கள் கூடுதலாக வெளியே தெரிந்தால் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். டிடிஆர்5 வகை ரேம் என்றால் முதல் பூட்டில் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். போர்டு ரேமுக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் மெமரி டிரெய்னிங் நடக்கிறது, பதறி அணைக்காதீர்கள்.

ராத்திரி முழுக்க நான்கு பாஸ் (பாஸ் என்றால் முழுச் சோதனையின் ஒரு சுற்று) ஓடவிடுங்கள். "ஒண்ணு ரெண்டு எரர் சகஜம்" என்பது பச்சைப் பொய். ffffffff வர வேண்டிய இடத்தில் fffffbff என்று ஒரு பிட் மாறியிருந்தாலும் பிழை பிழைதான். பிறகு அதே ஸ்லாட்டில் அடுத்த ஸ்டிக். ஒன்றில் மட்டும் பிழை வந்தால் ஸ்டிக் பழுது. இரண்டிலும் வந்தால் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். ஒரு ஸ்லாட்டில் மட்டும் வந்தால் போர்டையோ பிராசசரையோ பார்க்க வேண்டும்.

பிழைத் திரையையும் ஸ்டிக்கில் உள்ள சீரியல் எண்ணையும் போட்டோ எடுங்கள். கடையில் ஒப்படைக்கும்போது ரசீதில் அந்த எண்ணை எழுதச் சொல்லி வாங்குங்கள். பழைய ஸ்டிக்கே "மாத்தியாச்சு" என்று திரும்பி வந்தால் அதுதான் காட்டிக்கொடுக்கும். கிட்டாக (இரண்டு ஸ்டிக் ஒரே பெட்டியில்) வாங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றக் கேளுங்கள். புதிதாக வந்ததைக் கடையிலேயே சிபியு-இசட் மென்பொருளில், ரேமுக்குள் பதிந்த விவரத்தைக் காட்டும் எஸ்பிடி பக்கத்தில் பாருங்கள். பார்ட் நம்பர் லேபிளோடு பொருந்தாவிட்டால் லேபிள் மாற்றி ஒட்டிய சரக்கா என்று சந்தேகப்பட்டு, வாங்காமல் திருப்பிக் கொடுங்கள். பொருந்தினால் அதையும் நான்கு பாஸ் ஓட்டி, பிறகு எக்ஸ்எம்பியை ஏற்றி இன்னொரு நான்கு பாஸ். உங்கள் மெஷினில் விண்டோஸை நிறுவுவது அதற்குப் பிறகுதான்.