பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாவா வகுப்பு: பூஜ்யத்துக்கே ஒரு காலைப்பொழுது

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால், ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை காலை நடக்கிறது இந்த ஜாவா நிரல்மொழி வகுப்பு. கட்டணம் 350 வெள்ளி. மடிக்கணினி நம்முடையது. கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். காரில் வந்தால் பார்க்கிங் தேடுவதிலேயே பாதிப் பாடம் போய்விடும். ஏர்கான் வேறு ஓயாமல் ஊதும்.

நான் கிள்ளானில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள். எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்த பிள்ளைகளுக்கு நடுவே ஒரே அக்கா. இந்த வகுப்பை நான் பரிந்துரைக்கக் காரணம் ஒரே ஒரு பாடம்தான்: டிஃபால்ட் மதிப்புகள், அதாவது மாறிக்கு நாம் மதிப்பு தராதபோது ஜாவாவே தருவது.

எந்த வகைக்கு என்ன டிஃபால்ட் என்ற அட்டவணையில் சார் ஆரம்பிக்கவில்லை. ஒரு க்ளாஸில், அதாவது ஆப்ஜெக்டுக்கான வார்ப்பில், 'இன்ட் வயது' (இன்ட் என்றால் முழு எண்) என்று மட்டும் எழுதி, அதிலிருந்து ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கி அச்சிடச் சொன்னார். 0 வந்தது. அதே வரியை, நிரல் ஓட ஆரம்பிக்கும் மெயின் மெத்தடுக்குள் எழுதி அச்சிடச் சொன்னார். நிரலைச் சரிபார்த்து மாற்றித்தரும் கம்பைலர் மறுத்துவிட்டது. "ஏன் அங்கே கொடுத்தான், இங்கே கொடுக்கல?" என்று கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு விளக்கினார். ஆப்ஜெக்ட் உருவாகும்போது அதன் ஃபீல்டுகள், அதாவது க்ளாஸில் நேரடியாக எழுதிய மாறிகள், எல்லாமே பூஜ்ய நிலையில்தான் பிறக்கின்றன. அதை முழு எண்ணாகப் படித்தால் 0, தசம எண்ணான டபிளாகப் படித்தால் 0.0, ஆம்-இல்லை சொல்லும் பூலியனாகப் படித்தால் ஃபால்ஸ், வேறு ஆப்ஜெக்டைச் சுட்டும் ரெஃபரன்ஸ் என்றால் நல், அதாவது எதையும் சுட்டவில்லை. கேரக்டர் வகைக்கு யூனிகோடின் பூஜ்யமாவது குறி. அது இடைவெளியும் அல்ல, '0' என்ற எழுத்தும் அல்ல, அந்த எழுத்தின் எண் 48. மெத்தடுக்குள் இருக்கும் லோக்கல் மாறியோ வேறு சங்கதி. ஒரு மெத்தடுக்குள் எந்த வழியில் ஓட்டம் போனாலும் மதிப்பு கிடைத்திருக்கிறதா என்று கம்பைலரால் பார்த்துவிட முடியும்; அதனால் கறாராகக் கேட்கிறது. ஃபீல்டை எந்த மெத்தட் எப்போது தொடும் என்று அதற்குத் தெரியாது. மெத்தடுக்குள் இஃப்பில் மட்டும் மதிப்பு கொடுத்து எல்ஸை விட்டாலும் அதே பிழைதான் வந்தது.

பாலிடெக்னிக்கில் சி++ படித்த ஒரு தம்பி, "அங்கே என்னமோ ஒரு குப்பை எண் வரும் சார்" என்றான். "குப்பைதான் வரும்னுகூட உறுதி கிடையாது தம்பி, மதிப்பு கொடுக்காத லோக்கல் மாறியைப் படிச்சா என்ன வேணும்னாலும் நடக்கலாம்" என்றார் சார்.

பயிற்சிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கோலாலம்பூரின் ஒரு வாரத்து வெப்பநிலைக்கு ஏழு இடமுள்ள டபிள் அரே, அதாவது ஒரு வரிசைப் பட்டியல். ஐந்து நாளுக்கு 28 டிகிரி, மீதி இரண்டு நாள் நிரப்பவில்லை. அரே மெத்தடுக்குள் பிறந்தாலும் அதன் உறுப்புகளுக்கு 0.0 கிடைத்துவிடும், கம்பைலர் மூச்சே விடாது. சராசரி 20 என்று வந்தது, குறைந்தபட்சம் 0! பிரிக்ஃபீல்ட்ஸ் ஒரே நொடியில் குளிரில் கேமரன் மலையையும் தாண்டிப் போய்விட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கில் பாக்கி 0 என்பதும் பாக்கி இன்னும் தெரியாது என்பதும் ஒன்றில்லையே.

தெரியாததைத் தெரியாது என்றே வைக்க இன்ட்டுக்குப் பதில், அதையே ஆப்ஜெக்டாக வைக்கும் இன்டிஜர் வகையைப் போடலாம், அதன் டிஃபால்ட் நல். ஆனால் கவனிக்காமல் இன்ட்டாக மாற்றினால் நல்பாயின்டர் எக்ஸெப்ஷன் என்ற பிழை வரும். இதையும் செய்தே காட்டினார். டேட்டாபேஸ் பக்கம் மட்டும் ஒரு நிமிடத்தில் ஓடிவிட்டார். ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசியின் கெட்இன்ட் மெத்தட், நல் இருந்த இடத்துக்கும் 0 தான் தரும். அங்கே இருந்தது நல்தானா என்று உடனே வாஸ்நல் மெத்தடைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அலுவலகத்திலிருந்து வருகிறவர்களுக்கு அரை மணி நேரம் பேச வேண்டிய விஷயம் அது.

அச்சிட்ட நோட்ஸ் படுமோசம். எழுத்துச் சரம் வைக்கும் ஸ்டிரிங் ஃபீல்டின் டிஃபால்ட் வெற்றுச் சரம் என்று போட்டிருக்கிறது, அது நல். அட்டவணை ஃபீல்டுக்கும் அரே உறுப்புக்கும்தான், லோக்கல் மாறிக்கு இல்லை என்ற வரியே காணோம். ஒருமுறை மட்டும் மதிப்பு ஏற்கும் ஃபைனல் ஃபீல்டுக்கு நாமே மதிப்பு தராவிட்டால் கம்பைல் ஆகாது என்பதும் இல்லை. சாரிடம் காட்டினேன், "அடுத்த பேட்ச்சுக்கு மாத்திடுறேன்க்கா" என்றார்.

டிகிரியில் ஏற்கெனவே ஜாவா படித்தவர்களுக்கு இது வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் தாராளமாகச் சேரலாம். நோட்ஸை மட்டும் நம்பாமல், சார் போர்டில் எழுதுவதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.