தேரிக்காட்டு மண்தடத்தில் ஜீப்பும் கேமராவும்: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

திருச்செந்தூர் அருகே காயாமொழிப் பக்கம், குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் மேட்டுக்காட்டுக்குள் போகும் மண்தடங்களில், நான்கு சக்கர இயக்கமுள்ள பழைய டீசல் ஜீப் ஒன்றையும் ஒரு கேமராவையும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோது இந்தத் தேரி அந்தக் கணக்கில் போய்விட்டாலும், பாளையங்கோட்டையிலிருந்து கிளம்புகிற எங்களுக்கு அது இன்றும் நெல்லைச் சீமைதான். இங்கே நல்ல படம் அமைவது கேமராவைக் காட்டிலும் வண்டியை எங்கே நிறுத்த முடிகிறது என்பதையே பொறுத்தது என்பது என் கருத்து. ஆகவே வண்டியிலிருந்து தொடங்குகிறேன்.

தார்ச்சாலையில் 30 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் ஓடும் டயர்களை, தேரி விளிம்பிலேயே 18 அளவுக்கு இறக்கிவிடுகிறேன். காற்று குறைந்த டயர் தரையில் நீளமாகப் படிந்து மணலின் மேலாகவே ஓடும். காற்றை இறக்காத டயரோ நான்கு சக்கர இயக்கம் இருந்தாலும் நின்ற இடத்திலேயே சுழன்று குழி தோண்டும். பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரங்களுக்கு முன்னால் மணல் குவிந்து, மறுபடி கிளம்புவது பெரும்பாடாகிவிடும் என்பதால், ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி வண்டியைத் தானாக நிற்கவிட வேண்டும். அதுவும் முகப்பு இறக்கத்தைப் பார்த்திருக்கும்படி நிறுத்த வேண்டும். எனவே கண்ணுக்கு அழகாகப்படும் இடத்திலெல்லாம் நிற்க இயலாது. கொல்லாமரத்தின் (முந்திரி) வேர்கள் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் திட்டுகளும், பனைக்கூட்டங்களின் அடியும்தான் நிற்கத் தோதான இடங்கள். "தடத்த விட்டு எறங்காதீய அண்ணாச்சி, மண்ணு உள்ள இழுத்திரும்" என்று பதநீர் இறக்கும் ஒருவர் சொன்னதை இன்றுவரை மீறியதில்லை. நிறுத்திய இடத்திலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு நடப்பதே வழக்கமாகிவிட்டது. நடந்து எடுத்த படங்களே தேறுகின்றன.

தேரியின் சிவப்பு, குவார்ட்ஸ் மணிகளின் மேல் படிந்த இரும்பு ஆக்ஸைடால் வருவது. வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்தச் சிவப்பை வெளிச்சத்தின் குறையாக எண்ணித் திருத்தப் பார்ப்பதால், மண் வெளிறிய பழுப்பாகப் பதிவாகிறது. அந்த அமைப்பை 5200 கெல்வின் அளவில் நிலையாக வைத்துவிட்டால் நிறம் கண்ணில் தெரிவதற்கு நெருக்கமாக வருகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் பொதுவான ஹிஸ்டோகிராம் வரைபடம் சரியாகத் தெரியும்போதே சிவப்புச் சேனல் மட்டும் நிரம்பி வழிந்து, மணல் வரிகள் அழிந்து ஒரே வண்ணப்பூச்சாகிவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியே பார்த்து, வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் அளவு குறைத்தே எடுக்கிறேன். உச்சிவெயிலில் எதுவும் தேறாது. காலை எட்டு மணிக்குள் எடுத்தால் உண்டு.

மழைக்குப் பின் ஐப்பசி, கார்த்திகையில் மண் இறுகி, நிறமும் அடர்ந்திருக்கும். ஓட்டுவதற்கும் எடுப்பதற்கும் அதுவே எனக்குப் பிடித்த காலம். மழைநீர் அறுத்த சிறு ஓடைகளின் அடியில் கறுப்பு மணிகள் மெல்லிய கோடுகளாகப் படிந்து கிடக்கும். இலேசான மணலைத் தண்ணீர் அடித்துப் போனபின் இல்மனைட் என்கிற கனமான கறுப்புக் கனிமம் தங்கிவிடுவதால் வரும் கோடுகள் அவை. மிக நெருக்கத்தில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸுக்கு அதைவிட நல்ல பொருள் இங்கே இல்லை. ஆனால் ஓடைகளுக்குள் வண்டியை இறக்கக் கூடாது. ஆய்வாளர்கள் ஜோய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956-இல் எழுதிய நுண்கற்கருவிகள், அதாவது கற்கால மனிதர்களின் சிறு கல் கருவிகள், கிடைத்தவை இத்தகைய தேரி மண்ணில்தான். அப்படியொரு கல் கண்ணில் பட்டால் படமெடுத்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

ஆடிக்காற்று வேறு கதை. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்ட காற்றாக வீசுகையில், முந்தைய வாரம் போன தடமே மூடிப்போயிருக்கும். அப்போது லென்ஸ் மாற்றுவது சென்சாரில் மண்ணை அள்ளிப் போடுவதற்குச் சமம். ஒரே ஜூம் லென்ஸை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புவது உத்தமம். லென்ஸில் படிந்த மணலை ஊதித்தான் அகற்ற வேண்டும், துடைத்தால் கீறல் விழும்.

தேய்மானம் என்று பார்த்தால், ஏர் ஃபில்டரைக் கையேடு சொல்லும் தவணைக்கு வெகு முன்பே கழற்றித் தட்ட வேண்டியிருக்கிறது. பிரேக் டிரம்முக்குள்ளும் மணல் சேர்கிறது. கேமராவில் ஜூம் வளையம் நறநறக்கத் தொடங்கியிருக்கிறது. பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரஸர் மட்டும் செலவழித்த காசுக்கு முழுதாக உழைத்துவிட்டது, ஏனெனில் தார்ச்சாலை ஏறுமுன் நான்கு டயருக்கும் காற்றடிக்காவிட்டால் திருச்செந்தூர் போவதற்குள் டயர் சூடேறிப் பக்கவாட்டில் கெட்டுப்போகும்.

சாதாரணக் காரில் வருபவர்கள் கற்குவேல் அய்யனார் கோயில் வரை தார்ச்சாலையிலேயே வந்து, வண்டியை அங்கே விட்டு நடக்கலாம். பங்குனி உத்திரத்தன்று மட்டும் குலதெய்வம் கும்பிட வருகிற கூட்டத்தில் நிறுத்த இடம் கிடைக்காது.