சிஎஃப்ஜி லாக்கைத் திறந்து நாலு வருஷம்: மண்டபத்தில் ஒரு லேப்டாப்பின் கதை

என் லேப்டாப்பில் மேக் ஓஎஸ் ஓட ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. அது ஆப்பிள் லேப்டாப் இல்லை. 2018-இல் வாங்கிய, எட்டாம் தலைமுறை ஐ5 சிப் போட்ட சாதாரண விண்டோஸ் லேப்டாப். ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்வது தொழில். ராமநாதபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தபோது மேக்கில் ஓடும் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் புரோ கைக்குப் பழகிவிட்டது; தனியாகக் கடை போட்டபோது மேக் வாங்கக் காசில்லை. தன் கணினிகளில் மட்டும்தான் மேக் ஓஎஸ்ஸைப் போடலாம் என்று ஆப்பிளின் உரிம ஒப்பந்தம் சொல்கிறது. அது தெரிந்துதான் செய்தேன். அதனால் சொந்த மெஷினோடு சரி, காசு வாங்கிக்கொண்டு யாருக்கும் போட்டுக் கொடுத்ததில்லை.

2021 கடைசியில், ஆப்பிள் அல்லாத கணினியிலும் மேக் ஓஎஸ்ஸை பூட் செய்ய உதவும் ஓபன்கோர் என்ற மென்பொருளை பென்டிரைவில் போட்டு முதல் தடவை பூட் செய்தபோது, வரிவரியாக எழுத்து ஓடிப் பாதியில் நின்றது. காரணம் சிஎஃப்ஜி லாக். இன்டெல் சிப்பில் இ2 என்ற எண்ணுடைய ஒரு ரெஜிஸ்டர் உண்டு. வேலை இல்லாதபோது சிப் எவ்வளவு ஆழமாகத் தூங்கலாம் என்பது அதில் இருக்கிறது. பூட் ஆகும்போதே, கணினியை முதலில் எழுப்பும் மென்பொருளான பயாஸ் அதன் 15-ஆம் பிட்டைப் போட்டுப் பூட்டிவிடும்; அந்தப் பூட்டுதான் சிஎஃப்ஜி லாக். மேக் ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னல் வந்து அதில் எழுதப் பார்க்கும், முடியாது, உடனே பேனிக், அப்படியே நின்றுவிடும். அடுத்த தொல்லை டிவிஎம்டி: கிராஃபிக்ஸுக்கு என் பயாஸ் ஒதுக்கியிருந்த மெமரி 32 எம்பி, மேக் எதிர்பார்ப்பது 64. இரண்டையும் பயாஸைத் தொடாமல் ஓபன்கோரிலேயே ஒட்டு (பேட்ச்) போட்டுச் சமாளிக்கலாம். நானும் அதோடு நின்றிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை.

எஃப்2 அடித்து பயாஸுக்குள் போனால் தேதி, பூட் வரிசை, பாஸ்வேர்டு, அவ்வளவுதான் தெரியும். மற்றவையும் உள்ளேதான் இருக்கின்றன, மெனுவில் காட்டுவதில்லை. பயாஸ் ஃபைலை யுஇஎஃப்ஐ டூல் என்ற புரோகிராமில் திறந்து, செட்டப் பகுதியை உருவி, ஐஎஃப்ஆர் எக்ஸ்ட்ராக்டர் என்ற இன்னொன்றில் கொடுத்தால் பட்டியல் வரும்: எந்த அமைப்பு, எந்த வேரியபிள் (மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் பெட்டி), அதில் எத்தனையாவது பைட். அந்த இடத்துக்குப் பெயர் ஆஃப்செட். அப்புறம் கிரப் ஷெல் என்ற, கட்டளை அடிக்கும் திரையின் திருத்திய பதிப்பில் பூட் செய்து அந்த பைட்டை மாற்ற வேண்டும். சிஎஃப்ஜி லாக்குக்கு 1 இருந்த இடத்தில் 0, டிவிஎம்டிக்கு 1 இருந்த இடத்தில் 2.

இங்கேதான் கோட்டை விட்டேன். என் பயாஸில் சிஎஃப்ஜி லாக் இருந்தது 'சிபியு செட்டப்' என்ற வேரியபிளில், டிவிஎம்டி 'எஸ்ஏ செட்டப்'பில். நான் அடித்த கட்டளை போய் எழுதியது வெறும் 'செட்டப்'பில். கதவு எண் சரி, தெரு தப்பு. ரீஸ்டார்ட் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. போர்டில் இருக்கும் சின்ன சீமாஸ் பேட்டரியைக் கழற்றி ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தேன், பிரயோஜனமில்லை. இந்த மதிப்புகள் ஃப்ளாஷ் சிப்பில் எழுதப்படுகின்றன, பேட்டரியைக் கழற்றினால் அழியாது. சர்வீஸ் கடைத் தம்பி பார்த்துவிட்டு, "போர்டு செத்துப்போச்சுண்ணே, மாத்தணும்னா பாதி லேப்டாப் காசு ஆகும்" என்றார்.

போர்டை மாற்றவில்லை. ஃப்ளாஷ் சிப்பை நேரடியாகப் படித்து எழுதும் சிஎச்341ஏ புரோகிராமர் என்ற கருவியும் அதோடு அந்த எட்டுக் கால் சிப்பைக் கவ்வுகிற கிளிப்பும் வரவழைத்தேன். அந்தக் கிளிப் ஒரு மூதேவி. மூச்சு விட்டால் நழுவும். சிப்பை இரண்டு தடவை படித்து, இரண்டு ஃபைலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது. எனக்கு ஐந்தாவது முயற்சியில்தான் ஒத்துப்போனது. அந்த ஃபைலில், அமைப்பு மதிப்புகள் இருக்கும் என்விராம் பகுதியை மட்டும் கம்பெனியின் பயாஸ் ஃபைலிலிருந்து எடுத்து வைத்துத் திருப்பி எழுதினேன். லோகோ வந்தபோது மணி ரெண்டு. சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று மேலே உள்ள எண்ணை வைத்து முதலில் பார்த்துவிடுங்கள். 1.8 என்றால் அடாப்டர் இல்லாமல் தொடாதீர்கள்.

மறுநாள் வேரியபிள் பெயரையும் சேர்த்துக் கொடுத்ததும் இரண்டும் மாறின. பலன் என்ன என்று கேட்டால், சிஎஃப்ஜி லாக்கைத் திறந்ததால் வேகம் கூடியதாக எனக்குத் தெரியவில்லை. ஓபன்கோர் ஒட்டிலும் இதே மாதிரிதான் ஓடியிருக்கும். டிவிஎம்டி மாற்றியது மட்டும் உண்மையாக உதவியது: வெளி மானிட்டர் சொருகினால் திரை தடுமாறுவது நின்றது. ராத்திரி ரெண்டர் போட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். இன்டெல் வைஃபை கார்டு என்பதால், ஆப்பிள் சாதனங்களுக்குள் கம்பியில்லாமல் ஃபைல் அனுப்பும் ஏர்டிராப் கிடையாது. பார்ட்டிக்கு பென்டிரைவில் கொடுக்கிற தொழிலில் அது ஒரு குறையில்லை.

2023-இல் கீழக்கரையில் ஒரு நிக்காஹ். முதல் நாள் சாயங்காலம் பழைய ஆல்பம் ஃபைல் ஒன்றுக்காக விண்டோஸ் பக்கம் போனேன். அப்டேட்டோடு பயாஸும் சேர்ந்து ஏறிவிட்டது. சிஎஃப்ஜி லாக் மறுபடி பூட்டிக்கொண்டது, புது பயாஸில் ஆஃப்செட்டும் இடம் மாறியிருந்தது. அன்றைக்குக் காப்பாற்றியது நான் இளக்காரமாக ஒதுக்கிவைத்த அதே ஓபன்கோர் ஒட்டுதான். இப்போது சின்ன டைரி ஒன்றில் பயாஸ் பதிப்பு, வேரியபிள், ஆஃப்செட், பழைய மதிப்பு எல்லாம் எழுதி லேப்டாப் பையிலேயே வைத்திருக்கிறேன். என் ஆஃப்செட்டை இங்கே எழுதப்போவதில்லை. ஒரே மாடலாக இருந்தாலும் பயாஸ் பதிப்பு வேறென்றால் அந்த எண் உங்கள் போர்டைக் கொன்றுவிடும்.

இந்த நாலு வருஷத்தில் அதிகம் படுத்தியது மேக்கும் இல்லை, பயாஸும் இல்லை, உப்புக்காற்று. வாடை அடிக்கிற மாதங்களில் யுஎஸ்பி போர்ட்டில் பச்சைக் களிம்பு பிடிக்கும். பழைய பல்துலக்கியை ஐசோபுரோப்பைலில் நனைத்துத் தேய்த்தால்தான் பென்டிரைவ் தெரியும். ஒருமுறை ஓபன்கோர் கெட்டுவிட்டது என்று நினைத்து அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன், கடைசியில் பார்த்தால் களிம்பு.

இன்டெல் மேக்குகளுக்கு மேக் ஓஎஸ் டஹோதான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்துவிட்டது. நான் அதற்கு முந்தைய பதிப்புகளில் ஒன்றான வென்சுராவிலேயே இருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், ஆட்கள் கரையில் இருப்பார்கள், எனக்கு விசேஷங்கள் சேர்ந்து வரும். அந்தக் காசில் ஆப்பிளின் சொந்த எம்1 சிப் போட்ட பழைய மேக் மினி ஒன்று பார்க்கலாம் என்றிருக்கிறேன். அந்த புரோகிராமர் கருவியை உச்சிப்புளியிலிருந்து ஒருத்தர் இரவல் வாங்கிப் போனார். திரும்பி வந்தது, கிளிப் வரவில்லை.